உப்புத் தடவிய கன்று

நவம்பர் 6

வீட்டுக்கு வந்தாயிற்று. வயிற்றில் தையல் இருக்கிறது, மடியில் குழந்தை இல்லை. அவன் கோயம்புத்தூரில், பெரிய ஆஸ்பத்திரியில், கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறான்.

இந்த டைரி உரக்கடைக்காரர் தை மாதம் கொடுத்தது. இத்தனை நாளும் டிவிக்கு அடியில் முட்டுக் கொடுத்துக் கிடந்தது. கல்யாணத்துக்கு முன்பு நான் தினமும் எழுதுவேன். இந்த வீட்டுக்கு வந்த எட்டு வருடத்தில் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால், மகாராணி என்ன பரீட்சைக்குப் படிக்கிறாளா என்று அத்தை கேட்பார். இப்போது பச்சை உடம்புக்காரி, கேட்க மாட்டார். பிள்ளை பெற்றதில் இதுவரை கிடைத்த லாபம் இதுதான்.

அம்மா உயிரோடு இருந்திருந்தால் தாய்வீட்டுக்குப் போயிருப்பேன். அம்மா இல்லை, அண்ணன் வீட்டில் அண்ணி வைத்ததுதான் சட்டம். அதனால் பிரசவம் தாராபுரத்தில், பத்தியம் மாமியார் கையால். ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். எனக்கு நினைவு திரும்பியபோது குழந்தை புறப்பட்டுப் போயிருந்தான். மூச்சு விடச் சிரமப்பட்டானாம். பெட்டியில் வைக்க வேண்டும், இங்கே வசதியில்லை என்று சொல்லவும், வீட்டுக்காரர் கார் பிடித்துக் கொண்டுபோயிருக்கிறார்.

பையன். அவர் மட்டும்தான் பார்த்திருக்கிறார். எப்படி இருக்கிறான் என்று கேட்டேன். என் வீட்டுக்காரர் நாச்சிமுத்துக் கவுண்டரிடமிருந்து ஒரு வார்த்தை வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை. சுவரைப் பார்த்தபடி சொன்னார்.

"மூக்கு உன்ற மூக்காட்டவே இருக்குது."

எட்டு வருடத்தில் என் மூக்கைப் பற்றி அவர் பேசியது இதுதான் முதல் தடவை.

நவம்பர் 7

மிளகு ரசம். பூண்டு ரசம். இரவுக்கு மறுபடியும் மிளகு ரசம்.

விடியும்போது ரவிக்கை நனைந்து கிடந்தது. மார் கல்லாகக் கனத்தது. அத்தையைக் கூப்பிட்டு, பாலைப் பீய்ச்சிப் பாட்டிலில் கொடுக்கிறேன், கோயம்புத்தூருக்குக் கொடுத்து விடுங்கள் என்றேன். பெட்டியில் இருக்கிற பிள்ளைக்குத் தாய்ப்பால்தான் மருந்து என்று ஆஸ்பத்திரிச் சுவரில் எழுதி ஒட்டியிருந்ததைப் படித்திருக்கிறேன். அத்தை அவரைப் பார்த்தார். அவர் அத்தையைப் பார்த்தார். இரண்டு பேருமே என்னைப் பார்க்கவில்லை. பஸ்ஸில் போய்ச் சேர்வதற்குள் திரிந்துவிடுமே என்றார் அத்தை. ஈரத்துணி சுற்றினால் திரியாது என்றேன். கடைசியில் அவர் கையை நீட்டினார்.

சின்னக் கண்ணாடிப் பாட்டில். கால்வாசிதான் நிரம்பியது. இனி தினமும் காலைப் பஸ்ஸில் கொண்டுபோவதாகச் சொன்னார். பிடிவாதம் பிடித்தால்தான் இந்த வீட்டில் காரியம் நடக்கும்.

நவம்பர் 9

என் அறை ஜன்னலைத் திறந்தால் கட்டுத்தரை. வேறு எதைப் பார்க்க? மாட்டைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மயிலை இன்று கன்று போட்டது. காளைக்கன்று, நல்ல செவலை. காங்கேயத்துக் கன்றுகள் செவலையாகப் பிறந்து, வளர வளரத்தான் சாம்பல் பூத்த மயிலை நிறத்துக்கு வரும். மயிலை இந்த வீட்டின் மகா கோபக்காரி. அத்தையைத் தவிர யாரும் பக்கத்தில் போய்க் கறக்க முடியாது. வெள்ளாடு அண்டவே கூடாது. போன வருடம் தவிட்டில் வாய் வைக்க வந்த ஆட்டை விலாவில் குத்தித் தூக்கிப் போட்டது. அப்படிப்பட்டது இன்று கன்றை நக்கிக் கொடுத்த பதவிசைப் பார்த்தால் இரண்டும் ஒரே மாடு என்று சொல்ல முடியாது.

நீயும் அவளும் ஒரே மாதம் என்று அத்தை சொல்ல வந்து, பாதியில் நிறுத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். கண் சிவந்திருந்தது. கேட்டால் அடுப்புப் புகையாம். எங்கள் வீட்டுக்குக் கேஸ் அடுப்பு வந்து இரண்டு வருடம் ஆகிறது.

நவம்பர் 12

விடிந்ததும் அத்தை வந்து ஜன்னலைச் சாத்தினார். காற்று ஆகாதாம். வெளியே மயிலை கத்திக்கொண்டே இருந்தது. கன்று எங்கே என்றேன். பக்கத்துச் சரசக்கா தோட்டத்தில் கட்டியிருக்கிறது, இங்கே ஒரே சேறு என்றார்.

அத்தை அந்தப் பக்கம் போனதும் ஜன்னலைத் திறந்துவிட்டேன். பண்ணையத்து ஆள் ஆறான், கன்றைத் தோளில் போட்டுக்கொண்டு கொறங்காட்டுத் தடத்தில், மேய்ச்சல் நிலத்துப் பக்கமாக, போய்க்கொண்டிருந்தார். தலை தொங்கியது. மயிலை கயிறு அறுந்துவிடும்போல இழுத்து, அந்தத் தடத்தைப் பார்த்தே கத்தியது.

கழிச்சலாம், அதில் போய்விட்டதாம். பிறகு ஆறானிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன். இதை எதற்கு என்னிடம் மறைக்க வேண்டும்? பச்சை உடம்புக்காரியிடம் சாவுச் சேதி சொல்லக் கூடாதாம், பால் கெட்டுவிடுமாம், ஜன்னி கண்டுவிடுமாம். இந்த வீட்டு வழக்கம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள். அதுவும் ஜன்னலுக்கு நேராக.

நவம்பர் 13

நாள் முழுக்கக் கத்தல். மயிலைதான். எனக்குக் காய்ச்சல்.

நவம்பர் 14

சீமை மாடாக இருந்தால் கன்று இல்லாமலே கறந்துவிடலாம். மயிலை நாட்டு மாடு. கன்று முட்டாமல் காம்பில் சொட்டு இறங்காது. அதனால் ஆறான் கன்றின் தோலை உரித்துக் காயவைத்து, உள்ளே வைக்கோலைத் திணித்து, நான்கு குச்சியைக் காலாக வைத்துத் தைத்துவிட்டார். முகம் கோணல். கண் இருந்த இடத்தில் ஓட்டை. அத்தை அதன் முதுகில் உப்பும் தவிடும் தடவி மயிலையின் முன்னால் நிறுத்தினார்.

மயிலை மோந்தது. நக்கியது. நக்கிக்கொண்டே இருந்தது. அத்தை செம்பைத் தொடையிடுக்கில் வைத்துக்கொண்டு கறந்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அத்தை மேல் இல்லை, மயிலை மேல்தான். அடி கூறுகெட்ட மாடே, உன் பிள்ளையின் வாசம் உனக்குத் தெரியாதா? வைக்கோலுக்கா பால் கொடுக்கிறாய்? பெற்ற மனம் பித்து என்பது சரிதான், அதற்காக இவ்வளவு முட்டாளாக இருக்கக் கூடாது.

பாட்டில் இன்று முக்கால் நிரம்பியது. அவரிடம் கொடுத்தேன்.

நவம்பர் 17

பார்க்க வருகிறவர்கள் யாரும் சர்க்கரை கொண்டுவருவதில்லை. பிள்ளை பெற்ற வீட்டுக்குச் சர்க்கரை இல்லாமல் வருகிற ஊரா இது? சரசக்கா வந்தார், கையைப் பிடித்துக்கொண்டார், கொஞ்சம் உட்கார்ந்திருந்துவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு போனார். பிள்ளைக்கு என்ன பேர் வைக்கப்போகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவர் இன்று சீக்கிரமே வந்துவிட்டார். கோயம்புத்தூர் போய்விட்டு உச்சிக்கு முன்னால் எப்படித் திரும்ப முடியும்? தெரிந்தவர் கார் கிடைத்ததாம். பையன் எடை கூடியிருக்கிறானாம். கண் திறந்து பார்த்தானாம். என்ன நிறம் என்று கேட்டதற்கு மாநிறம் என்றார். அத்தை நேற்றுச் சிவப்பு என்றார். கண்ணாடி வழியாகப் பார்த்தால் நிறம் மாறித் தெரியுமாக இருக்கும்.

எங்கள் வீட்டு நாய்க்கு டைகர் என்று பேர். பூனையைக் கண்டால் பின்வாங்குகிற டைகர். அது தினமும் அவர் பின்னாலேயே போகிறது, சில நாள் அவரோடேயே திரும்புகிறது. பஸ்ஸில் நாயை ஏற்றுகிறார்களா என்று கேலியாகக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. நிறுத்தத்தில் படுத்திருக்கும் என்றார். இப்போதெல்லாம் சோறு தின்னத்தான் வீட்டுக்கு வருகிறது. இரவில் அதன் குரைப்பே கேட்பதில்லை.

நானும் கோயம்புத்தூர் வருகிறேன் என்றேன். தையல் ஆறட்டும் என்றார்கள், இரண்டு பேரும் ஒரே குரலில்.

நவம்பர் 20

தலைக்கு ஊற்றினார்கள். முதல் முறையாக முற்றத்தைத் தாண்டி நடந்தேன்.

கட்டுத்தரையில் பக்கத்திலிருந்து பார்த்தபோதுதான் புரிந்தது. அறையிலிருந்து பார்த்தது பாதிதான். மயிலை வைக்கோல் கன்றை நக்குகிறது, சரி. உப்புத் தீர்ந்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. அத்தை செம்பை எடுத்துக்கொண்டு போனதும், கன்றை மூக்கால் தள்ளி ஓரத்தில் ஒதுக்கிவிட்டுக் கொறங்காட்டுத் தடத்தைப் பார்த்து நிற்கிறது. அது ஏமாறவில்லை. ஒருநாளும் ஏமாந்திருக்காது. கன்று எந்த வழியாகப் போனது என்று அதற்குத் தெரியும்.

முட்டாள் என்று திட்டியதற்கு மனசு வலித்தது. பக்கத்தில் போய் நின்றேன். நான் அதன் பக்கம் இவ்வளவு நெருங்கியதே இல்லை, கொம்பு பயம். ரவிக்கை நனைந்திருந்தது. மயிலை அதை மோந்தது. நீளமாக மூச்சுவிட்டது. பிறகு என் கழுத்தை நக்கத் தொடங்கியது. மாட்டு நாக்கு அரம் மாதிரி, தோல் எரிந்தது. நான் நகரவில்லை. கழுத்து, தோள், காதோரம் என்று நிதானமாக நக்கியது, கன்று ஈன்ற அன்றைக்கு நக்கியதைப் போலவே.

என் மேல் யாரும் உப்புத் தடவவில்லை. அத்தை ஓடிவந்து இழுத்துப் பிடிக்கும் வரை அழுதுகொண்டிருந்தேன். எதற்கு அழுதேன் என்று கேட்டார். தெரியவில்லை என்றேன்.

நவம்பர் 23

மூன்று நாளாக அடைமழை. வைக்கோல் கன்று நனைந்து ஊறி, வயிறு வெடித்து நாறிப்போய்விட்டது. ஆறான் தூக்கிக் குப்பைமேட்டில் போட்டார். அதோடு மயிலை பாலை அடக்கிக்கொண்டது. அத்தை உட்கார்ந்தால் உதைக்கிறது. செம்பு நசுங்கிவிட்டது.

தரகரை வரச் சொல்லியிருக்கிறார்கள். கறக்காத மாட்டைக் கட்டித் தீனி போட முடியுமா என்று அத்தை கேட்டார். நியாயம்தான். தரகர் எங்கே கொண்டுபோய் விற்பார் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை. விற்கக் கூடாது என்று சொல்ல வாய் வரை வந்தது. இந்த வீட்டில் என் முகத்தைப் பார்த்து நிற்பது அது ஒன்றுதான்.

கிழட்டு வெள்ளாடும் ஒரு குட்டியைப் போட்டுவிட்டு மழையில் விறைத்துச் செத்துப்போனது. குட்டி கறுப்பு, நெற்றியில் வெள்ளை. கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. இதை என்னிடம் யாரும் மறைக்கவில்லை. ஆட்டுச் சாவுக்குப் பத்தியம் இல்லைபோல.

நவம்பர் 25

இதை முழுசாக எழுத வேண்டும்.

மழை விட்டிருந்தது. நான் ஜன்னலில். கறுப்புக் குட்டி தட்டுத்தடுமாறிக் கட்டுத்தரைக்குள் போனது. எனக்கு உயிரே போய்விட்டது. மயிலை ஒரு குத்தில் முடித்துவிடும். கத்தினேன், யாருக்கும் கேட்கவில்லை. மயிலை தலையைத் தாழ்த்தியது. கொம்பை ஆட்டவில்லை. மோந்தது. பின்பக்கம், வயிறு, வாய் என்று எல்லா இடமும் மோந்தது. ஆட்டு நாற்றம் அதற்குத் தெரியாதா? நன்றாகத் தெரிந்துதான் நக்கியது.

குட்டி மடியைத் தேடிப் போனது. எட்டவில்லை. பின்னங்காலில் எம்பி எம்பி விழுந்தது. கட்டுத்தரை ஓரத்தில் கோமியம் வடிகிற குழி ஒன்று உண்டு. சேறும் சாணியும் நிற்கும், மயிலை அதில் கால் வைக்கவே அருவருக்கும். இன்று கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்ந்து, பின்னங்கால் இரண்டையும் அந்தக் குழிக்குள் இறக்கி நின்றது. மடி தாழ்ந்தது. குட்டிக்கு எட்டியது.

குட்டி வாலை ஆட்டி ஆட்டிக் குடித்தது. கடைவாயில் நுரை வழிந்தது. அது குடித்து முடிக்கும் வரை மயிலை சேற்றுக்குள் அசையாமல் நின்றது.

அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன். வாயில் கை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு நசுங்கின செம்பை எடுத்துக்கொண்டு மெதுவாகப் போய், குட்டி ஒரு பக்கம் குடிக்க, மறு பக்கம் கறந்து பார்த்தார். மயிலை உதைக்கவில்லை. வீட்டுக்கும் கொஞ்சம் கொடுத்தது.

நவம்பர் 26

தொட்டில் கட்ட எடுத்து வைத்த அம்மாவின் பழைய சேலையைத் தேடினேன். துவைத்து மடித்து, பரண் மேல், பழைய பாத்திரங்களுக்கும் பின்னால் வைத்திருக்கிறார்கள்.

நவம்பர் 28

அத்தை தாராபுரம் போய்விட்டு வந்தார். மல்லிகைப்பூ. மழைக்காலத்தில் மல்லிகை யானை விலை. கட்டின பூ இல்லை, உதிரி. வெள்ளைத் துணியில் பரப்பி எடுத்துக்கொண்டு என் கட்டிலில் உட்கார்ந்தார்.

"மார்ல வெச்சுக் கட்டிக்க கண்ணு. நெம்ப வலிக்குதுன்னியல்ல."

வலிக்கிறது என்று நான் சொல்லவே இல்லை. மல்லிகை எதற்கு என்று எனக்குத் தெரியும். என் அண்ணி மகனுக்குப் பால் மறக்கடிக்க இதைத்தான் கட்டினாள். இரண்டு நாளில் மார் வற்றிப்போகும். பால் வேண்டாதவர்கள் கட்டுவது அது.

நான் அத்தையைப் பார்த்தேன். அவர் பூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பூவை எடுத்து, வைத்து, மறுபடியும் எடுத்தார். அத்தை பாவாத்தாள் என்றால் ஊரே பயப்படும். கிணற்று வழக்கில் பங்காளிகளை ஒற்றை ஆளாக நின்று விரட்டியவர். அவர் இப்படித் தடுமாறி நான் பார்த்ததில்லை.

"வேண்டாமுங்க அத்தை. பால் கோயமுத்தூரு போகோணுமில்லீங்க."

அவர் எழுந்திருக்கவில்லை. கட்டிலில் விழுந்த பூ ஒன்றைப் பொறுக்கித் துணியில் வைத்தார். பிறகு துணியை மடித்து எடுத்துக்கொண்டு போனார். அறை முழுக்க வாசம். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நவம்பர் 29

பால் எடுத்துக் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டு போனார். டைகரும் போனது.

டிசம்பர் 1

எனக்குத் தெரியும் என்று இங்கே எழுதப்போவதில்லை. எழுதிவிட்டால் நாளைக்குப் பாட்டிலைக் கொடுக்க முடியாது. பாட்டிலைக் கொடுக்கும்போது மட்டும்தான் அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கிறார். இரண்டு கையாலும் வாங்கிக்கொள்கிறார், கோயிலில் தீர்த்தம் வாங்குகிற மாதிரி. அவர் செருப்பில் தினமும் கொறங்காட்டுச் செம்மண். கோயம்புத்தூர் ரோட்டில் ஏது செம்மண்?

இன்று தரகர் வந்தார். வரச் சொன்னதை ரத்துசெய்ய யாருக்கும் நினைவில்லை. மயிலையின் மடியில் ஆட்டுக்குட்டி தொங்குவதைப் பார்த்துச் சிரித்தார். கன்று செத்ததில் மாட்டுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது, இதை வீட்டில் வைத்திருப்பது ஆகாது, இப்போதே அவிழ்த்துக்கொண்டு போகிறேன் என்றார். அத்தை யோசித்தார். என் வீட்டுக்காரர் வழக்கம்போலத் தரையைப் பார்த்தார். தரகர் முளைக்குச்சியில் கை வைத்தார்.

நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெளியாள் முன்னால் நான் பேசியதில்லை.

"அதுக்குக் கிறுக்கில்லீங்க," என்றேன். "கன்னு செத்துப்போச்சுன்னு அதுக்குத் தெரியும். வெக்கலத் திணிச்சு வெச்சு ஏமாத்தப் பாத்தீங்க, அது ஏமாறுல. பசிச்சு வந்ததுக்குப் பால் குடுக்குது. அவ்வளவுதான். அது எங்கீமு போகாது."

அத்தை என்னைப் பார்த்த பார்வையைத் தாங்க முடியவில்லை. வீட்டுக்காரர் திண்டாடி, தோளில் இருந்த துண்டை எடுத்து மறுபடியும் தோளிலேயே போட்டுக்கொண்டார். தரகரை ஒரு டம்ளர் மோர் கொடுத்து அத்தை அனுப்பிவிட்டார்.

டிசம்பர் 3

இரண்டு நாளாக இந்த வீட்டில் சட்டி பானை மட்டும்தான் சத்தம் போடுகிறது.

டிசம்பர் 4

காலையில் பாட்டிலை வாங்கிக்கொண்டு அவர் கிளம்பினார். நான் கொஞ்சம் பொறுத்து எழுந்தேன். அத்தை வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். எங்கே போகிறாய் என்று கேட்பார் என்று நினைத்தேன். காலை மடக்கிக்கொண்டு வழிவிட்டார். செருப்பைப் போட்டுக்கொண்டு போ, முள் என்று மட்டும் சொன்னார்.

கொறங்காட்டுத் தடம். மயிலை தினமும் பார்த்து நிற்கிற தடம். கிளுவை வேலியைத் தாண்டி, மேட்டில், வெள்வேல மரத்தடியில் அவர் குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு சின்ன மேடு. சுற்றிலும் முள் வெட்டிப் போட்டிருந்தது. மேட்டை ஒட்டி டைகர் படுத்திருந்தது. மண்ணில் அதன் உடம்பு அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. அவர் பாட்டிலைச் சாய்த்து ஊற்றிக்கொண்டிருந்தார், கொஞ்சம் கொஞ்சமாக, ஒரே இடத்தில் ஊற்றாமல்.

என்னைப் பார்த்தார். ஓடவில்லை, மறைக்கவில்லை. மூடியைத் தேடிக்கொண்டே இருந்தார். அது அவர் காலடியில்தான் கிடந்தது.

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அடித்தேன். முதுகில், தோளில், இரண்டு கையாலும். தையல் இழுத்தது, விடவில்லை. ஒரு தடவை காட்டியிருக்கலாமே, ஒரே ஒரு தடவை என் கையில் கொடுத்துவிட்டுக் கொண்டுபோயிருக்கலாமே என்று சொல்லிச் சொல்லி அடித்தேன். எருதுபோல வாங்கிக்கொண்டிருந்தார். கை ஓய்ந்து நான் உட்கார்ந்ததும் டைகர் எழுந்து வந்து என் அக்குளுக்குள் தலையை நுழைத்துக்கொண்டது. அதன் மேலெல்லாம் அந்த மண்.

பிறகு அவராகவே பேசினார். இத்தனை வருடத்தில் அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. பல்லடம் தாண்டுவதற்குள்ளேயே, காரிலேயே, அவர் மடியிலேயே போய்விட்டானாம். ஆஸ்பத்திரிவரை போய்ச் சேரவே இல்லை. உனக்கு நினைவு வந்ததும் சொல்லிவிடத்தான் நினைத்தேன், தையல் ஆறட்டும் என்று அம்மா சொன்னார், அதற்குள் நீ பாட்டிலை நீட்டிவிட்டாய் என்றார்.

"பொதைச்சுப்போட்டு, நரி தோண்டிருமேன்னு முள்ளு வெட்டப் போனேன். திரும்பி வந்து பாக்கறேன், இந்த நாயி மேல படுத்திருக்குது. கூப்பிட்டாலும் வருல. அன்னீல இருந்து ராத்திரிக்கு இங்கயேதான். நானு வூட்டுல போயித் தூங்கறேன், இது தூங்கறதில்ல."

பூனைக்குப் பயந்த நாய். எங்கள் பிள்ளையை அதற்கு எத்தனை நேரம் தெரியும்?

பாலை ஏன் இங்கே கொண்டுவந்தீர்கள் என்று கேட்டேன். கீழே ஊற்ற மனசு வரவில்லை, அவனுக்கென்று கொடுத்தது என்றார்.

கேட்க ஆயிரம் இருந்தது. ஆனால் சொன்னதெல்லாம் பொய் என்று ஆன பிறகு எதைக் கேட்பது? எடை கூடியது பொய். கண் திறந்தது பொய். மாநிறம் பொய், சிவப்பும் பொய். ஒன்றே ஒன்றை மட்டும் கேட்டேன்.

"மூக்கு என்ற மூக்காட்ட இருந்துதுன்னீங்களே. அதாச்சு நெசமுங்களா?"

அவர் என் முகத்தைப் பார்த்தார், கையில் பாட்டில் இல்லாமலே.

"அது நெசம்," என்றார். "அது ஒண்ணு நெசம்."

டிசம்பர் 5

நானே கேட்டு வாங்கி மல்லிகையைக் கட்டிக்கொண்டேன். அத்தைதான் முடிச்சுப் போட்டார். அவர் மேல் கோபம் தீரவில்லை, தீரும் என்றும் தோன்றவில்லை. முடிச்சு இறுகியபோது அவர் தோளில்தான் சாய்ந்தேன். வேறு யார் தோள் இருக்கிறது?

டைகருக்குச் சோற்றை அங்கேயே கொண்டுபோய் வைத்தேன். மயிலை குழிக்குள் இறங்கி நின்று குட்டிக்குப் பால் கொடுத்தது. மிளகு ரசம்.

மத்தியானம் அவருடைய சவரக் கண்ணாடியை எடுத்துவந்து வைத்துக்கொண்டு என் மூக்கைப் பார்த்தேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.